விடை சரி, விளங்கவில்லை

இந்த இரண்டு வரியை ஒருக்கால் வாசியுங்கள்.

"குமிட்டான் நேற்றுப் பின்னேரம் மந்தாலிக்குப் போய் இரண்டு தப்பிளிகளைக் குவட்டினான். தப்பிளிகள் நன்றாக மெருளியிருந்தபடியால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே துவம்பிவிட்டான்."

இனிக் கேள்விகள். தப்பிளிகளைக் குவட்டியவன் யார்? குமிட்டான். எங்கே குவட்டினான்? மந்தாலியில். எத்தனை? இரண்டு. ஏன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை? அவை நன்றாக மெருளியிருந்தபடியால். நாலுக்கு நாலு சரி. தப்பிளி உயிருள்ளதா இல்லாததா, தின்னலாமா கூடாதா என்று உங்களுக்குத் தெரியாது. இவை நான் இட்டுக்கட்டிய சொற்கள், எனக்கும் தெரியாது. ஆனால் மார்க்ஸ் முழுவதும் வந்துவிட்டது.

எங்கள் பிள்ளைகளில் கனபேர் ஆங்கிலக் கிரகித்தல் செய்வது இப்படித்தான். ஒரு பந்தி, கீழே ஐந்தாறு கேள்வி. கேள்வியில் இருக்கிற சொல்லைப் பந்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். விடை சரியாக இருக்கும். "சரி, இந்தப் பந்தி எதைப் பற்றியது? தமிழிலேயே சொல்லு" என்று கேட்டால் பிள்ளை நிலத்தைப் பார்க்கும்.

கொக்குவிலில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் அயலில் உள்ள பிள்ளைகள் சிலர் வந்திருந்து இங்கிலிஷ் வாசிக்கிறார்கள். தரம் 8 தொடக்கம் ஓ.எல். (தரம் 11 பொதுப் பரீட்சை) வரையான பிள்ளைகள். அவர்களில் ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. ரியூசனில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறார்கள்: முதலில் கேள்வியை வாசி, பிறகு சொல்லைத் தேடு, பந்தியை முழுக்க வாசித்து நேரத்தை வீணாக்காதே. பரீட்சை மண்டபத்தில் இந்த வித்தை சில புள்ளிகளை வாங்கித் தரும், அதை மறுக்கவில்லை. என் கோபமெல்லாம், அந்த வித்தையையே வாசிப்பு என்று பிள்ளைக்கு நம்பவைத்துவிடுகிறோமே என்பதுதான்.

ஏன் கோபம் என்றால், ஓ.எல். உடன் இது முடிவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்பில் பொது ஆங்கிலம் இருக்கிறது. அதன் புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் சேராது என்பதால் பிள்ளைகள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். பிறகு தமிழ் மொழிமூலம் உயிரியலோ கணிதமோ படித்து, நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகம் போகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் வருடத்தில் கையில் கிடைக்கிற புத்தகத்துக்குக் கீழே கேள்விகள் அச்சிட்டிருக்காது. எதைத் தேடுவது என்று யாரும் சொல்லித்தரமாட்டார்கள். வாசித்து விளங்க வேண்டும், அவ்வளவுதான். பத்து வருடத்துக்கும் மேலாக இங்கிலிஷ் படித்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுதாக விளங்க முதன்முறையாக அங்கேதான் பழகுகிறார்கள் என்றால், அந்தப் பத்து வருடத்தில் நாங்கள் என்ன செய்தோம்?

விளங்காமல் போவதற்குக் காரணம் கேட்டால் பெற்றோர் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள்: "கிரமர் காணாது", "சொல் தெரியாது". இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவ்வளவு பேசப்படாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. பந்தி பேசுகிற விசயமே பிள்ளைக்குத் தெரியாது.

1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரை எடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர், வாசிப்பில் பின்தங்கியவர் என்று ஒரு பிரிவு. பேஸ்போல் விளையாட்டு நன்றாகத் தெரிந்தவர், தெரியாதவர் என்று இன்னொரு பிரிவு. ஒரு பேஸ்போல் ஆட்டத்தை விவரிக்கிற பந்தியை எல்லாருக்கும் கொடுத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள், ஒரு மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டவும் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் விளையாட்டுத் தெரிந்த பிள்ளைகள், விளையாட்டுத் தெரியாத கெட்டிக்காரரைவிட நன்றாகச் சொன்னார்கள். வாசிப்பு என்பது கண்ணும் அகராதியும் மட்டும் செய்கிற வேலை இல்லை. தெரிந்த விசயத்தில்தான் புதிய வரி போய் ஒட்டுகிறது.

எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பந்திகளைப் பாருங்கள். பனிச்சறுக்கு, இலையுதிர்காலம், நிலக்கீழ் ரயில், வளர்ப்பு முயலின் பிறந்தநாள். இலங்கைப் பாடப்புத்தகங்களில் எங்கள் நாட்டு விசயங்கள் நிறைய இருக்கின்றன, அது நல்ல காரியம். பயிற்சிக்கென்று அங்குமிங்கும் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுக்கிற தாள்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். மொழியும் புதிது, விசயமும் புதிது என்றால் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு ஏறும்?

அதனால் நான் பந்திகளை நானே எழுதத் தொடங்கினேன். அதில் ஒன்று கிணற்றைப் பற்றியது. அதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பந்தி இவ்வளவுதான்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரை பெய்கிற மாரி மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்துக்கடியில் சேர்கிறது. நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, அதனால் அது கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் மேலே வரும். இதை எளிய ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வசனங்களாக எழுதினேன்.

வந்திருந்த பிள்ளைகளில் ஒரு பெடியன், வீடு உரும்பிராய்ப் பக்கம், தகப்பன் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். இங்கிலிஷ் பாடத்தில் பின்தங்கி இருக்கிற பிள்ளை. பந்தியின் நடுவில், மிதக்கிறது என்கிற வரிக்கு வந்ததும் நிமிர்ந்தான்.

"அப்ப ரீச்சர், எங்கட கிணறு சவராப் போனதும் இதாலதானே? அப்பா இப்ப மெசினைத் தொடர்ந்து போடமாட்டார். காலமை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் எண்டுதான் இறைக்கிறவர்."

பந்தியில் அவன் அப்பாவும் இல்லை, இறைப்பு மெசினை விட்டுவிட்டுப் போடுவதும் இல்லை. அது பந்தியிலிருந்து அவன் போய்ச் சேர்ந்த இடம். அடுத்த வரி, அதிகமாக இறைத்தால் என்ன நடக்கும் என்பது, அவன் வாசிக்குமுன்னே அவனுக்குத் தெரிந்திருந்தது. அதில் வந்த புதிய சொல் இரண்டையும் கேட்காமலே சரியாக ஊகித்துவிட்டான். பக்கத்தில் இருந்த பிள்ளை, வகுப்பில் எப்போதும் கூடப் புள்ளி எடுப்பவள், ஐந்து கேள்விக்கும் வரி மாறாமல் விடை எழுதியிருந்தாள். "மழை குறைந்த வருடத்தில் கிணற்றுக்கு என்ன நடக்கும்?" என்ற ஆறாவது கேள்விக்கு மட்டும், "அது பந்தியில இல்லையே ரீச்சர்" என்றாள். அவளுக்கு அன்று அந்தப் பெடியன்தான் விளங்கப்படுத்தினான், தமிழில், கையை மேலும் கீழும் காட்டி. பிறகு அவள் அதை இங்கிலிஷில் அழகாக எழுதினாள்.

அடுத்த கிழமை நிலாவரைக் கிணற்றைப் பற்றிய பந்தி. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்ற செய்தி அதில் வந்ததும், பாதிப் பேர் "இது போன முறை படிச்சதுதானே" என்றார்கள். ஒரே விசயத்தைப் பற்றி இரண்டு மூன்று பந்தி தொடர்ந்து வாசிப்பதன் பலன் அதுதான். ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் தலைப்பு என்று தாவுகிற பயிற்சிப் புத்தகங்களில் இந்தப் பலன் கிடைக்காது. சொற்களும் அப்படித்தான் படிகின்றன: நிலத்தடி நீர், உப்பு, ஆழம், மட்டம் எல்லாம் திரும்பத் திரும்ப வரும்போது மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சொல் என்றதும் ஒரு கணக்கு. மொழி கற்பித்தலில் பெயர்போன போல் நேசன் போன்றவர்களின் ஆய்வுகள், பிறர் உதவியில்லாமல் ஒரு பந்தி நன்றாக விளங்க வேண்டுமென்றால் அதில் உள்ள சொற்களில் 98 வீதம் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. 50 சொல்லுக்கு 1 சொல்தான் தெரியாமல் இருக்கலாம். 250 சொல் உள்ள பக்கத்தில் 5. அதற்கு மேல் போனால் பிள்ளை வாசிக்கவில்லை, தோண்டுகிறது. எங்கள் பெற்றோரோ கஷ்டமான புத்தகம் கொடுத்தால்தான் இங்கிலிஷ் வளரும் என்று நினைக்கிறார்கள். தரம் 9 பிள்ளை தரம் 6 புத்தகத்தை வாசித்தால் வெட்கம் என்கிறார்கள். ஒரு வெட்கமும் இல்லை. இலேசான புத்தகத்தைச் சந்தோசமாக முடிக்கிற பிள்ளைதான் அடுத்த புத்தகத்தைக் கையில் எடுக்கும். யாழ் பொது நூலகத்துச் சிறுவர் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளை தானாக எதை எடுக்கிறது என்று பாருங்கள். 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த இடம் அது. திரும்பவும் கட்டி, திரும்பவும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குள் போய் வாசிப்பது எங்கள் பிள்ளைகளின் உரிமை.

அன்றாட விசயங்களுக்கு வருவோம். இதற்குப் பந்தி எழுதவே தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. இந்த நாட்டில் பிஸ்கற் பக்கற், கரண்ட் பில், வங்கிப் படிவம் எல்லாம் பெரும்பாலும் மூன்று மொழியில் வருகின்றன. ஆங்கிலத்தை முதலில் வாசித்து, தமிழ்ப் பகுதியைக் கையால் மூடி, விளங்கியதைச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துச் சரிபார்க்கலாம். காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சிப் புத்தகம்.

பரசிற்றமோல் பெட்டியை ஒரு நாள் முழு வகுப்புக்கும் வைத்தேன். 500 மில்லிகிராம் குளிசை. வளர்ந்தவர்களுக்கு 4 தொடக்கம் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 1 அல்லது 2 குளிசை, 24 மணித்தியாலத்தில் 8-க்கு மேல் வேண்டாம். இவ்வளவுதான் ஆங்கிலத்தில் இருந்தது. கேள்வி இது: அம்மம்மா காலமை 6 மணிக்கு 2 குளிசை போட்டார், 10 மணிக்கு 2, பின்னேரம் 2 மணிக்கு 2, 6 மணிக்கு 2. இரவு 10 மணிக்குத் திரும்பவும் காய்ச்சல். இப்போது போடலாமா? "நாலு மணித்தியாலம் ஆயிட்டுது, போடலாம்" என்றார்கள் பாதிப் பேர். முதல் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள். எட்டும் முடிந்துவிட்டது, அடுத்த நாள் காலமை 6 மணிவரை பொறுக்க வேண்டும் என்று ஒருத்தி கணக்குப் போட்டுச் சொன்னாள். இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசித்தவள் அவள் ஒருத்திதான். அந்த வயதுப் பிள்ளைகள்தான் இப்போது பல வீடுகளில் தாத்தா பாட்டிமாருக்கு லேபல் வாசித்துச் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற மருந்துப் பெட்டியில் தமிழ் இருக்காது. இந்த வாசிப்பு பிழையானால் புள்ளி குறைவதோடு போகாது.

இடையில் ஒரு இலக்கணச் சங்கதி. தமிழில் ஒரு ஆளைப் பற்றிய விபரம் எல்லாம் ஆளுக்கு முன்னாலேயே வந்துவிடும். "பூனையைத் துரத்திய நாய் வண்டிலுக்குக் கீழே ஓடியது." குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் நாய் முதலில் வந்துவிடும், துரத்திய கதை பிறகு வரும்: "த டோக் தட் சேஸ்ட் த கற் ரான் அண்டர் த கார்ட்." ஓடியது எது என்று கேளுங்கள். கனபேர் பூனை என்பார்கள். ஓடியது என்ற வினைக்குப் பக்கத்தில் பூனைதானே நிற்கிறது. பந்தியின் கடைசிக் கேள்விகளில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடங்களை எடுத்துப் பார்த்தால், அரைவாசி இந்த மாதிரி வசனங்களாகத்தான் இருக்கும். இதற்குப் பெரிய விதி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு வசனம் வந்தால் பென்சிலால் இடைச்செருகலை மெல்லமாக அடைப்புக்குள் போடச் சொல்கிறேன். மிச்சத்தை வாசித்தால் நாய் ஓடிவிடும். அதேபோல் "இட்", "தே", "திஸ்" என்று வருகிற இடங்களிலிருந்து அது குறிக்கிற சொல்லுக்கு ஒரு அம்புக்குறி. கொப்பி கோடு கோடாகக் கிடக்கும், பரவாயில்லை.

இன்னொன்று, சத்தமாக வாசிப்பது. பெற்றோர் அறைக்கு வெளியே நின்று கேட்டு மகிழ்வார்கள். ஆனால் சத்தமாக வாசிக்கிறபோது பிள்ளையின் கவனம் முழுவதும் உச்சரிப்பில் போய்விடுகிறது. முதல் வாசிப்பு மனதுக்குள்தான் இருக்க வேண்டும். கேள்விகளை ஒரு தாளால் மூடிவைத்து, பந்தியை முழுக்க வாசித்து, பிறகு தமிழில் கதைக்க வேண்டும். இதில்தான் எனக்கும் பெற்றோருக்கும் அடிக்கடி வாக்குவாதம். "இங்கிலிஷ் படிக்க அனுப்பினா தமிழிலயெல்லோ கதைக்கினம்" என்று ஒரு அம்மா வந்து கேட்டார். விளங்கியதா என்பது ஒரு கேள்வி, விளங்கியதை இங்கிலிஷில் சொல்லத் தெரியுமா என்பது வேறு கேள்வி என்று அவருக்குச் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகச் சோதித்தால், விளங்கிய பிள்ளையும் வாயடைத்து நிற்கும், விளங்காத பிள்ளையும் வாயடைத்து நிற்கும். யாருக்கு எது குறை என்று எனக்கு எப்படித் தெரியும்? தமிழில் சொல்லட்டும். தமிழ் அந்தப் பிள்ளைக்கு ஊன்றுகோல், கொஞ்சம் நடக்கப் பழகியதும் அது தானாகவே கீழே வைத்துவிடும்.

இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1841-இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழும் ஆங்கிலமுமாகவே வெளிவந்தது. 1823-இல் வட்டுக்கோட்டையில் மிஷனரிமார் தொடங்கிய செமினரி என்ற கல்விக்கூடத்தில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். அதே மனிதர்தான் பிறகு ஏட்டுச் சுவடிகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். இங்கிலிஷ் வந்தால் தமிழ் போய்விடும், தமிழ் வைத்தால் இங்கிலிஷ் வராது என்கிற பயத்துக்கு எங்கள் ஊர் வரலாற்றில் இடமில்லை.

ஊடகத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு நான் கூடுதல் நேரம் கொடுக்கிறேன். கிணற்றுப் பந்தியில் கேட்க வேண்டியது "ஏன்?" மருந்துப் பெட்டியில் "என்ன செய்ய வேண்டும்?" செய்தியில் கேட்க வேண்டியது "யார் சொன்னது?" ஒரு சின்னச் செய்தியை நானே எழுதிக் கொடுத்தேன்: வரும் மாதங்களில் குடிநீர்த் தட்டுப்பாடு வராது என்று அதிகாரி ஒருவர் கூறினார், ஆனால் பல கிராமங்களில் ஏற்கெனவே பவுசர் லொறியில் தண்ணீர் கொடுக்கப்படுகிறது என்று குடியிருப்பாளர்கள் சொல்கிறார்கள். கேள்வி: தண்ணீர்த் தட்டுப்பாடு வருமா? எல்லாரும் வராது என்று எழுதினார்கள். முதல் வரியில் அப்படித்தானே இருக்கிறது. வராது என்று சொன்னவர் அதிகாரி. எழுதியவர் அப்படிச் சொல்லவில்லை, இரண்டு பக்கத்தையும் வைத்துவிட்டு நிற்கிறார். "யார் சொன்னது என்பதற்குக் கீழே கோடு போடு, பிறகு விடை எழுது" என்றதும் விடைகள் மாறின. உண்மை, பொய், பந்தியில் சொல்லப்படவில்லை என்று மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்கிற கேள்விகளில் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வட்ஸ்அப்பில் வருகிற செய்தியை நம்பி ஊரே ஓடுவதும் இந்த இடத்தில்தான்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையும் நல்ல பாடம், மூன்று மொழியிலும் கிடைக்கும். ஆங்கில அறிக்கையில் வசனங்கள் திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வரும்: சில இடங்களில் 75 மில்லிமீற்றருக்கு மேல் ஓரளவு பலத்த மழை பெய்யக்கூடும், கடற்படையினரும் மீனவரும் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். யாழ்ப்பாணத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யும் என்று இது சொல்கிறதா? இல்லை. சில இடங்களில், பெய்யக்கூடும். அவ்வளவுதான். எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது கிரகித்தலின் கஷ்டமான பகுதி. மழைக்காலத்தில் அது எல்லாருக்கும் அக்கறையான விசயமாகவும் ஆகிவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய வெள்ளத்தைப் பற்றிப் பெற்றோர் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இவர்கள், 2020 டிசெம்பரில் புரெவியைத் தாங்களே பார்த்தவர்கள். ஒரு பிள்ளையின் மாமா பாசையூரில் கடற்தொழில் செய்கிறவர். அவள் ஆங்கில அறிக்கையை வாசித்து, தமிழில் எழுதி, தமிழ் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாமாவுக்குப் போனில் சொல்கிறாள். இதைவிட நல்ல வீட்டுவேலை நான் கொடுத்ததில்லை.

செய்தித் தலைப்புகளில் ஒரு தடங்கல் உண்டு. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள், துணைவினைகளை விட்டுவிடுவார்கள். அதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

பேப்பர் கஷ்டம் என்கிற பிள்ளைகளுக்கு இணையத்தில் நல்ல சாமான் கிடக்கிறது. அமெரிக்காவின் குரல் வானொலி 1959-இலேயே சுமார் 1,500 சொற்களுக்குள் நின்று, ஆறுதலாக வாசிக்கிற செய்திகளைத் தொடங்கியது. கற்பவர்களுக்கென்றே செய்தி எழுதுகிற வழக்கம் அவ்வளவு பழையது. பிபிசியின் லேர்னிங் இங்கிலிஷ், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் தளங்களில் தரம் பிரித்த பந்திகள் இருக்கின்றன. விக்கிப்பீடியாவுக்கே சிம்பிள் இங்கிலிஷில் ஒரு பதிப்பு உண்டு. போனில் பந்தியைப் படம் எடுத்தால் நொடியில் தமிழாகிவிடுகிறதே என்று பெடியள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் தடுப்பதில்லை, வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன்: முதலில் நீ வாசி, விளங்கியதை இரண்டு வரி எழுது, பிறகு போனைக் கேள், எங்கே வித்தியாசம் என்று பார். பூனையும் நாயும் மாதிரி வசனங்களில் போன் சொன்னதையும் சந்தேகப்படப் பழகிக்கொள்கிறார்கள்.

கிணறும் பனையும் மட்டும் போதுமா, பிள்ளைகள் வெளி உலகத்தை அறிய வேண்டாமா என்று ஒரு ஆசிரிய நண்பர் கேட்டார். வேண்டும். பனிக்கும் பென்குயினுக்கும் கட்டாயம் போக வேண்டும், ஆனால் இங்கிருந்து போக வேண்டும். நாங்கள் பூநாரை (பிளமிங்கோ) வழியாகப் போனோம். சுண்டிக்குளம் களப்பிலும் மன்னார் வங்காலைப் பக்கமும் வந்து நிற்கிற பறவை. வங்காலைச் சரணாலயம் 2010-இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். அது தின்கிற பாசியிலும் சின்ன இறால்களிலும் உள்ள நிறப்பொருளால்தான் பிறகு இளஞ்சிவப்பாகிறது. காரணம், விளைவு, அதற்குள் ஒரு ஆச்சரியம். "அப்ப சாப்பாட்டை மாத்தினா நிறம் போயிடுமா?" என்று கேட்டான் ஒருவன். மிருகக்காட்சிச்சாலைப் பூநாரைகள் சரியான தீன் இல்லாவிட்டால் வெளிறிப்போகும் என்ற பந்தியை அடுத்த நாள் கொண்டுவந்தேன். மிருகக்காட்சிச்சாலையிலிருந்து குளிர்நாடு, குளிர்நாட்டிலிருந்து வலசை, வலசையிலிருந்து பென்குயின். இப்போது பனியைப் பற்றி வாசிக்கும்போது, இவ்வளவு குளிரில் அது எதைத் தின்னும் என்று அவர்களே கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள்.

பரீட்சைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பாஸ்ட் பேப்பரை நான் ஒதுக்கவில்லை. கடைசி இரண்டு மூன்று மாதம் மணிக்கூட்டை வைத்துச் செய்விக்கிறேன். கேள்வியை முதலில் பார்க்கிற வித்தையையும் அப்போதுதான் சொல்லிக்கொடுக்கிறேன். விளங்கி வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அது ஒரு கிழமையில் பிடிபட்டுவிடுகிறது. விடை எழுதினால் அந்த விடை பந்தியில் எந்த வரியிலிருந்து வந்தது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும், இரண்டு வரியிலிருந்து வந்ததென்றால் இரண்டு விரல். பரசிற்றமோல் கேள்விக்குப் பிறகு இரண்டு விரல் வைப்பது அவர்களுக்கு ஒரு பெருமையாகவே போய்விட்டது.

இப்போது எனக்கு வேண்டியது பந்திகள். கிணறு, பனை, பூநாரை, பட்டம் என்று என்னிடம் இருப்பவை கொஞ்சம்தான், கேட்கிறவர்களுக்கு அவற்றைத் தருகிறேன். நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி, வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு விடுகிற பட்டங்களைப் பற்றி, கீரிமலைக் கேணியைப் பற்றி, சுன்னாகம் சந்தையைப் பற்றி, உங்கள் ஊரில் சோளகம் வீசத் தொடங்கினால் என்ன மாறும் என்பதைப் பற்றி எழுதுங்கள். ஆங்கிலத்தில் 150 தொடக்கம் 200 சொல் போதும். தரம் 8 பிள்ளைக்குத் தெரியாத சொல் மூன்று நாலுக்கு மேல் வேண்டாம். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், வயதானவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கீழே நாலு கேள்வி வையுங்கள். அதில் ஒன்றை மட்டும் பந்தியைப் பார்த்து எழுதக்கூடியதாக விடுங்கள்.